கெளம்பிட்டேம்மா, வழியில இருக்கேன்

கனகசபை நகர்,
சிதம்பரம்.
3.6.2025

செம்பியன் அவர்களுக்கு,

இசைவாணி எழுதுவது. நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. அந்த வரியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் நம்பரை நான் ஏன் பிளாக் செய்தேன் என்று எதிர்வீட்டு அமீருன்னிசா அக்காவை விட்டுக் கேட்கச் சொல்லியிருக்கிறீர்கள். பாவம் அந்த அக்கா. நமக்கு நடுவில் தூது போகவா மஞ்சக்குப்பத்தில் வீடு கட்டிக் குடிவந்தார்? இனிமேல் அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பேனா எடுத்து, காகிதத்தில், உங்கள் கையால் எழுதி, தபாலில் போடுங்கள். போன் வேண்டாம், மெசேஜ் வேண்டாம், ஈமெயில் கண்டிப்பாக வேண்டாம். கடலூரிலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடும் ஊருக்குத் தபாலா என்று கேட்பீர்கள். ஆமாம், தபால்தான். கோழி கிளறின மாதிரி இருக்கும் உங்கள் கையெழுத்து ஒன்றைத்தான் இப்போதைக்கு என்னால் நம்ப முடிகிறது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஏனென்றால் எது தப்பு என்று உங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, “ஒரு சின்ன எரர்தானம்மா, சரி பண்ணிடலாம்” என்றீர்களே, அப்போதே தெரிந்துபோனது.

அன்றைக்கு நான் இங்கே சிதம்பரத்தில் லேபில் வேலையாக இருக்கும்போது அப்பாவுக்கு நெஞ்சு வலி என்று அவர் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. ஆட்டோவில் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே உங்களுக்கு மெசேஜ் போட்டேன். உடனே வரச்சொல்லித்தான். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: “கெளம்பிட்டேம்மா, வழியில இருக்கேன்.” எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அப்பாவின் காதில் குனிந்து, “மாப்ள வந்துகிட்டே இருக்காருப்பா” என்றேன். மனுஷர் அதிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தார். ஊசி போட வந்த நர்ஸ் மறைத்தால்கூடத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். எங்கே வந்துவிட்டீர்கள் என்று மறுபடி கேட்டேன். “பக்கத்துல வந்துட்டேம்மா. நீ சாப்டியா?” போன் அடித்தேன், நீங்கள் எடுக்கவில்லை. பஸ் சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது என்று உங்களுக்காக நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நீங்கள் வந்தது மறுநாள். அதுவும் அமீருன்னிசா அக்கா, “ஒங்க மாமனாருக்கு இப்ப எப்படிப்பா இருக்கு?” என்று கேட்ட பிறகு. வெள்ளிக்கிழமை ஆனால் நான் அப்பா வீட்டில் தங்குவது வழக்கம், அப்படித்தான் என்று நினைத்தீர்களாம். இரண்டு கையிலும் இட்லிப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு என் எதிரில் நின்றீர்கள். போன் உங்கள் சட்டைப் பையில் இருந்தது. அப்போது, ஐந்து நிமிஷம் முன்னால் எங்கே இருக்கிறீர்கள் என்று நான் கேட்டிருந்ததற்குப் பதிலாக, என் போன் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தேன். உங்கள் பெயர். “கெளம்பிட்டேம்மா, வழியில இருக்கேன்.”

சத்தியமாகப் பயந்துவிட்டேன். கோபமெல்லாம் அப்புறம்தான் வந்தது. பொங்கலிலிருந்து எனக்குப் பதில் போட்டுக்கொண்டிருந்தது நீங்கள் எழுதி வைத்த புரோகிராம் என்று நீங்களே அங்கேயே சொன்னீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். “ஒடனே பதில் போனா நீ கண்டுபுடிச்சிடுவேன்னுதான் அஞ்சு பத்து நிமிஷம் தள்ளிப் போற மாதிரி வச்சிருந்தேன்” என்று அதையும் சேர்த்துச் சொன்னீர்கள். பெருமையாகச் சொன்னீர்கள்!

வீட்டில் நீங்கள் செய்து வைத்த கூத்தையெல்லாம் பொறுத்துக்கொண்டவள் நான். ஆள் அசைந்தால்தான் எரியும் என்று சமையலறையில் ஒரு லைட் போட்டீர்கள். அல்வா கிண்டுகிறவள் ஒரே இடத்தில்தானே நிற்பாள்? நடுவில் அணைந்துவிடும். கரண்டியோடு கையைத் தூக்கி ஆட்டுவேன், எரியும். ஜன்னல் வழியாகப் பார்க்கிற அமீருன்னிசா அக்கா யாருக்கோ டாட்டா காட்டுகிறேன் என்று நினைத்துத் திருப்பி டாட்டா காட்டுவார். மோட்டாருக்கு மூளை வைத்தேன் என்றீர்கள். தொட்டியில் இருக்கிற உங்கள் கருவியை உப்புக்காற்று அரித்துவிட்டது, தண்ணீர் ஏறாமல் தலையில் சீயக்காயோடு நான் நின்றேன். அதையெல்லாம்கூட விட்டுவிடலாம்.

ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள். மார்ச் மாதம் உங்களிடம் மெசேஜில் கேட்டேன். அப்பா தனியாக இருக்கிறார், நாம் சிதம்பரத்துக்கே வந்து மாடியில் இருந்துகொள்ளலாமா, உங்கள் வேலை எப்படியும் வீட்டிலிருந்துதானே என்று. “சரிம்மா, நீ சொன்னா சரிதான்” என்று பதில் வந்தது. அதை நம்பி அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் அன்றிலிருந்து மாடியை ஒழித்துச் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்துவிட்டார். அந்தச் ‘சரி’ யார் சொன்னது? நீங்களா, அதுவா? இதற்குப் பதில் வராமல் நான் கடலூர் பஸ் ஏறப்போவதில்லை.

இசைவாணி

*

மஞ்சக்குப்பம்,
கடலூர்.
8.6.2025

என் அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய இசைவாணி,

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றேன். தங்களது உணர்வுகள் முற்றிலும் நியாயமானவை என்பதை முதற்கண் தெரிவித்துக்கொள்கிறேன். ஓர் உறவின் அடித்தளம் நம்பிக்கையே ஆகும். அந்த நம்பிக்கை என் செயலால் பாதிக்கப்பட்டுள்ளது என்பதை நான் ஆழமாக உணர்கிறேன்.

முதலாவதாக, தொழில்நுட்பம் மனித உறவுகளுக்கு மாற்றாக இருக்க முடியாது என்பதை இந்த நிகழ்வு எனக்குக் கற்பித்துள்ளது. இரண்டாவதாக, தங்கள் தந்தையார் (தந்தையின் பெயர்) அவர்கள் விரைவில் பூரண நலம் பெற வேண்டும் என்று மனமார விழைகிறேன். மேலும், இல்லத்தில் நிறுவப்பட்டுள்ள கருவிகள் தங்களுக்கு அசௌகரியத்தை ஏற்படுத்தியிருப்பின் அதற்காகவும் வருந்துகிறேன்.

இறுதியாக, இடமாற்றம் குறித்த தங்களது வினா மிகவும் முக்கியமான ஒன்று. அதில் பல்வேறு அம்சங்கள் உள்ளன. இரு தரப்பினரின் தேவைகளையும் கருத்தில் கொண்டு, திறந்த மனத்துடன் உரையாடி, நாம் இணைந்து ஒரு நல்ல முடிவை எட்டுவோம் என்று நம்புகிறேன்.

என்றும் தங்கள் நலம் விரும்பும்,
செம்பியன்

*

சிதம்பரம்.
12.6.2025

செம்பியன்,

உங்களுக்குக் கொஞ்சமாவது சூடு சொரணை இருக்கிறதா?

கையால் எழுதச் சொன்னேன். கையால்தான் எழுதியிருக்கிறீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. அந்தக் கோணல் ‘ழ’ உங்களுடையதுதான். ஆனால் கம்ப்யூட்டரை எழுதச் சொல்லிவிட்டுப் பார்த்துக் காப்பி அடித்திருக்கிறீர்கள்! எட்டாம் வகுப்புப் பையன்கூடக் காப்பி அடிக்கும்போது பக்கத்துப் பையன் பெயரை எழுதாமல் தன் பெயரை எழுதுவான். “தங்கள் தந்தையார், அடைப்புக்குறிக்குள் தந்தையின் பெயர், அவர்கள்.” என் அப்பா பெயர் கார்த்திகேசன். நம் கல்யாணப் பத்திரிகையிலேயே இருக்கிறது. அந்த அடைப்புக்குறியையும் விடாமல் அழகாகப் போட்டிருக்கிறீர்களே, எழுதும்போது உங்கள் தலை எங்கே இருந்தது?

‘முதற்கண்’ என்ற வார்த்தையை நீங்கள் வாழ்நாளில் எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா? என்னைத் ‘தங்கள்’ என்று கூப்பிட்டிருக்கிறீர்களா? உங்கள் மேனேஜரைக்கூட நீங்கள் அப்படிக் கூப்பிட்டதில்லை. லேபில் பிரிசில்லாவிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு, “அக்கா, இது எங்க ஊட்டு கேஸ் கனெக்ஷன் ஆபீஸ்ல இருந்து வந்த லெட்டர் மாதிரியே இருக்குக்கா” என்றாள். சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் சாம்பிள் ட்யூபைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

புரோகிராமை வைத்துப் பேசியதற்கு மன்னிப்பு, அந்த மன்னிப்பையும் புரோகிராமை வைத்தே எழுதி அனுப்புகிற ஆள் உலகத்தில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

என் கேள்விக்கும் பதில் இல்லை. “பல்வேறு அம்சங்கள் உள்ளன.” எனக்கு அம்சம் வேண்டாம். மாடி ரூமுக்குச் சரி என்றது யார்? உங்கள் வாயில் வருகிற வார்த்தையிலேயே எழுதுங்கள். தப்பும் தவறுமாக இருந்தால் பரவாயில்லை. திட்டி எழுதினால்கூடப் பரவாயில்லை.

இசைவாணி

*

மஞ்சக்குப்பம்.
16.6.2025

இசை,

இதை நானே எழுதுகிறேன். கம்ப்யூட்டரை ஆஃப் செய்துவிட்டு, சமையலறை மேடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். லைட் இதுவரை நாலு தடவை அணைந்துவிட்டது. நானும் கையை ஆட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன், போதுமா? அமீருன்னிசா அக்கா டாட்டா காட்டிவிட்டார்.

அந்த அடைப்புக்குறி தப்புதான். மாமா பெயர் எனக்குத் தெரியாதா? பார்த்து எழுதும்போது கை அதுபாட்டுக்குப் போய்விட்டது. என்ன எழுதினாலும் நீ கோபப்படுவாய் என்று தெரிந்தது, அதனால் நன்றாக எழுதத் தெரிந்த ஒன்றை எழுதச் சொன்னேன். அது அதைவிடப் பெரிய கோபத்தில் கொண்டுபோய் விட்டது.

கோபப்படாமல் என் பக்கத்தையும் கேள். நீ ஒரு நாளைக்கு எத்தனை மெசேஜ் போடுவாய் என்று உனக்குத் தெரியாது. பஸ்ஸில் சீட் கிடைத்தால் ஒன்று, கிடைக்காவிட்டால் மூன்று. ஆலப்பாக்கம் தாண்டினால் ஒன்று. லேபில் யார் என்ன பேசினார்கள், கேன்டீனில் என்ன குழம்பு. நான் மீட்டிங்கில் இருப்பேன். அமெரிக்காக்காரன் ஒருத்தன் நான் எழுதின புரோகிராமைத் திரையில் போட்டு அதில் இருக்கிற ஓட்டையை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருப்பான். அப்போது உன் மெசேஜ் டிங் டிங் என்று வந்து விழும். பதில் போடவில்லை என்றால் சண்டை. லேட்டாகப் போட்டால் சண்டை. ‘ம்’ என்று மட்டும் போட்டால் அதற்குத் தனிச் சண்டை. ஒரே பிரச்சினை திரும்பத் திரும்ப வந்தால் அதற்கு ஒரு புரோகிராம் எழுதிவிடுவதுதான் என் புத்தி. பொங்கல் லீவில் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். சண்டை நின்றுபோனது. நீயும் சந்தோஷமாக இருந்தாய். ஓடுகிற சாமானை எவனும் தொட மாட்டான், நானும் தொடவில்லை. அவசரம் என்று வந்தால் என்னை எழுப்பச் சொல்லி அதில் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. உன் நம்பருக்கே சத்தம் வராமல் வைத்துவிட்டதால் நீ அடித்த போனும் தெரியவில்லை. அது என் தப்பு. மாமா வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தார் என்று நீ எழுதியதைப் படித்த பிறகு சோறு இறங்கவில்லை. அதற்கு மேல் அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் கடிதத்துக்காகக் காத்திருப்பது பெரிய கொடுமையாக இருக்கிறது. தபால் எப்போது வரும் என்றே தெரிவதில்லை. அதனால் கேட்டில் இருக்கிற தபால் பெட்டிக்குள் ஒரு சின்ன சென்சார் வைத்திருக்கிறேன். உள்ளே எது விழுந்தாலும் எனக்குப் போனில் வந்துவிடும். கூடவே ஒரு ஸ்பீக்கரும் வைத்தேன், தபால்காரருக்கு நன்றி சொல்வதற்கு. சடையப்பன் அண்ணன் முந்தாநாள் கடிதத்தைப் போட்டதும் பெட்டி, “மிக்க நன்றி, மீண்டும் வருக” என்றது. மனுஷர் வண்டியோடு சாய்ந்துவிட்டார். முழங்கையில் சிராய்ப்பு. “பொட்டிக்குள்ள எவன்டா ஒக்காந்துருக்கறது?” என்று தெருவையே கூட்டிவிட்டார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்துவிட்டேன்.

மாடி ரூம் விஷயம் பெரிய விஷயம். அதை நேரில் பேசலாம். நீ வா.

செம்பியன்

*

சிதம்பரம்.
20.6.2025

செம்பியன்,

சத்தத்தைக் குறைத்தீர்களா? எடுத்து எறியத் தோன்றவில்லை, இல்லையா? ஒரு மனுஷர் கீழே விழுந்தால் உங்களுக்குச் சத்தம் ஜாஸ்தி என்றுதான் தோன்றுகிறது. வயதானவர், வெயிலில் தெருத்தெருவாகச் சுற்றுகிறவர். அவருக்கு நன்றி சொல்ல வேண்டுமென்றால் வெளியே போய்ச் சொல்லுங்களேன். வாய் எதற்கு இருக்கிறது? இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் அந்தப் பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிப் போடுங்கள். இல்லையென்றால் அடுத்த கடிதம் கிடையாது.

ஆனால் போன கடிதம் நீங்கள் எழுதியது. அது தெரிகிறது. படித்து எரிச்சல் வந்தது, அதனால் நீங்கள்தான்.

நேரில் பேசலாம் என்று முடித்திருக்கிறீர்களே, அந்தச் சாமானும் அடிக்கடி அதைத்தான் சொல்லும். “நேர்ல பேசலாம்மா.” நான் அதை நம்பி ராத்திரி சோறு போட்டுவிட்டு எதிரில் உட்காருவேன். நீங்கள் தட்டுக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு சர்க்யூட்டை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடியே சாப்பிடுவீர்கள். மெசேஜில் அவ்வளவு பிரியமாகப் பேசுகிற மனுஷன் எதிரில் உட்கார்ந்தால் ஏன் ஊமையாகிவிடுகிறான் என்று யோசித்து யோசித்து, கடைசியில் சிலருக்கு எழுத்தில்தான் பிரியம் வரும் போலிருக்கிறது என்று ஒரு முடிவுக்கு வந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நீயும் சந்தோஷமாக இருந்தாய் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் உங்களுக்குப் பதில் எழுத முடியவில்லை. ஏனென்றால் அது நிஜம். அந்த ஐந்து மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் நீங்கள் என்னிடம் நல்லபடியாகப் பேசினது அந்த ஐந்து மாதம்தான். பதினோரு மணிக்கு டீ குடித்தாயா என்று கேட்டது. லேபில் ஒரு அம்மாவுக்கு நரம்பே கிடைக்காமல் குத்திக் குத்தி அவர் அழ, நானும் அழுதுவிட்டேன் என்று எழுதினேன். “அய்யோ பாவம். நீ மனசுல வச்சிக்காத, உம்மேல தப்பில்ல” என்று வந்தது. பிரிசில்லாவிடம் காட்டினேன். “ஒங்க ஊட்டுக்காரரு தங்கம்க்கா” என்றாள். கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். இப்போது அவள் என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்படுகிறாள். எனக்கு உங்கள் மேல் இருக்கிற கோபத்தில் பாதி என் மேல் இருக்கிற கோபம். மெஷினோடு குடித்தனம் நடத்திவிட்டு அதைப் புருஷன் என்று நினைத்துக்கொண்டேனே.

வெட்கத்தை விட்டு இன்னொன்றும் சொல்கிறேன். இப்போதும் பதினோரு மணி ஆனால் கை தானாகப் போனைத் தேடுகிறது.

அப்பா நன்றாக இருக்கிறார். மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் லேபுக்குக் கிளம்பியதும் ஏறிவிடுகிறார். ஜன்னலுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறார். “மாப்ளக்கி கம்ப்யூட்டர் வைக்க இந்த மூலைல ஒரு பிளக் பாயின்ட் போடச் சொல்லியிருக்கன்” என்கிறார். நீங்கள் சரி சொல்லவே இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? ஒருவேளை சொல்லியிருந்தால்? எனக்கே தெரியவில்லையே.

மூன்றாவது தடவை கேட்கிறேன். இதுதான் கடைசித் தடவையும். இப்போது மார்ச்சைப் பற்றிக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அப்பா வீட்டு மாடிக்கு வந்து என்னோடு இருப்பீர்களா, மாட்டீர்களா?

இசைவாணி

*

மஞ்சக்குப்பம்.
25.6.2025

இசை,

முடியாது.

மார்ச் மாதம் சரி சொன்னதும் நான் இல்லை. என்னைக் கேட்டிருந்தால் அப்போதும் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டு மேலே எழுதாமல் ஒரு நாள் வைத்திருந்தேன். கிழித்துவிட்டுச் சரி என்று எழுதிவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். சரி என்றால் நீ வந்துவிடுவாய். ஆனால் அதைத்தானே அந்தப் புரோகிராமும் செய்தது.

ஏன் முடியாது என்றும் சொல்லிவிடுகிறேன். மாமா நல்லவர். அதுதான் கஷ்டம். நான் உள்ளே நுழைந்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறார். நான் பனியனோடு உட்கார்ந்தால் அவர் போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வருகிறார். இருக்கிற ஒரு ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டு அவர் வேர்த்து வழிகிறார். மீனில் நடுத்துண்டு எனக்கு, தலையும் வாலும் அவருக்கு. “சாப்புடுங்க மாப்ள.” அதைத் தவிர ஆறு வருஷத்தில் அவர் என்னிடம் பேசினது கிடையாது, நானும் பேசினது கிடையாது. இரண்டாம் நாளே எனக்கு மூச்சு முட்டும். காலம் பூராவும் விருந்தாளியாக இருக்க என்னால் ஆகாது.

இன்னொன்று. கம்பெனியில் நான் எழுதுவது யாருக்குப் போகிறது என்றே எனக்குத் தெரியாது. போன வருஷம் பூராவும் எழுதினதை ஒரு மீட்டிங்கில் வேண்டாம் என்று தூக்கிப் போட்டார்கள். யாரும் முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை. இந்த வீட்டில் நான் ஒரு ஒயரை மாட்டினால் மோட்டார் ஓடும், இல்லையென்றால் ஓடாது. அது என் கண்ணுக்குத் தெரிகிறது. எனக்கு இருப்பது அது ஒன்றுதான். கிச்சன் லைட் தொல்லை என்று நீ சொல்லும்போதெல்லாம், இன்னும் நன்றாகச் செய் என்று சொல்வதாகத்தான் என் காதில் விழுந்தது. நிறுத்து என்று சொல்கிறாய் என்பது உன் கடிதத்தைப் படித்துத்தான் புரிந்தது. இரண்டு நாள் முன்னாடி பழைய சுவிட்சையே மாட்டிவிட்டேன். தட்டினால் எரிகிறது. தபால் பெட்டியையும் காலி செய்துவிட்டேன். சடையப்பன் அண்ணனிடம் வாசலில் நின்று பேசினேன். அவர் மருமகன் திட்டக்குடியில் செல்போன் கடை வைத்திருக்கிறாராம், “அவனும் ஒங்கள மாதிரிதான் தம்பி, பொழுதுக்கும் எதையாவது கழட்டிகிட்டே இருப்பான்” என்றார்.

அப்புறம் நீ எழுதின அந்த மெசேஜையெல்லாம் படித்தேன். பொங்கலிலிருந்து நீ போட்ட அத்தனையும். படிக்கவே நாள் பிடித்தது. உனக்கு வலது மணிக்கட்டு வலிக்கிறது என்று எனக்குத் தெரியாது. புவனகிரி ரத்தப் பரிசோதனை கேம்ப்பில் ஒரு பெரியவர் உன்னைத் தன் பேத்தி என்று நினைத்துக்கொண்டு பேசினது தெரியாது. பரங்கிப்பேட்டை வரைக்கும் போய் நண்டு வாங்கி வந்தது எனக்குப் பிறந்தநாள் என்பதற்காக என்றும் தெரியாது. நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லாமல் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது இசை.

மெஷினோடு குடித்தனம் நடத்தினேன் என்று எழுதியிருந்தாய். அது முழுசும் சரியில்லை. அதற்குப் பேசக் கற்றுக்கொடுக்க என்னிடம் வேறு எதுவும் இல்லை. நிச்சயம் ஆன பிறகு கல்யாணம் வரைக்கும் உனக்கு நான் போட்ட மெசேஜைத்தான் கொடுத்தேன். டீ குடிச்சியா, மனசுல வச்சிக்காத, கெளம்பிட்டேம்மா எல்லாம் நான் எழுதினதுதான். அப்போது யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அந்த ஆளை இப்போது என்னால் வரவழைக்க முடியுமா என்று தெரியவில்லை. முடியும் என்று சும்மா எழுத மாட்டேன்.

மாமாவை இங்கே கூட்டிக்கொண்டு வா. கீழ் ரூமை ஒழித்துத் தருகிறேன். மாடிக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதே. நீ வராமலே போய்விடுவாயோ என்று பயமாக இருக்கிறது. இருந்தாலும் முடியாது என்பதுதான் பதில்.

செம்பியன்

*

சிதம்பரம்.
1.7.2025

உங்களுக்கு,

புவனகிரி கேம்ப்புக்குக் கிளம்பும்போது வந்த உங்கள் கடிதத்தைப் பஸ் ஸ்டாண்டிலேயே பிரித்துப் படித்தேன். முதல் வார்த்தையைப் பார்த்ததும் வந்த ஆத்திரத்தில் ஏற வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டேன்.

என்ன நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? ஆறு வருஷமாக உங்களோடு கடலூரில் இருந்துகொண்டு தினம் ஒன்றரை மணி நேரம் போக, ஒன்றரை மணி நேரம் வர என்று பஸ்ஸில் இடி வாங்கினவள் நான். உங்களுக்கு மூச்சு முட்டுமாம். அப்பா அங்கே வந்தால் அவருக்கு முட்டாதா? அங்கே அவர் விருந்தாளி இல்லையா? மாமனார் மருமகன் வீட்டில் போய் உட்கார்ந்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று அவர் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார், உங்கள் காதில் விழுந்திருந்தால்தானே. அவருக்குத் தன் தெரு வேண்டும், தன் டாக்டர் வேண்டும், விடிந்தால் தெற்கு வீதி டீக்கடை வேண்டும். கீழ் ரூமை ஒழித்துத் தருகிறாராம், பெரிய தாராளம். அந்த ரூமில் உங்கள் பழைய ஒயர் மூட்டையை ஒழிக்கவே ஒரு லாரி பிடிக்க வேண்டும். ஒயர் மாட்டி மோட்டார் ஓட்டத்தான் ஆசை என்றால் சிதம்பரத்தில் மோட்டாரே இல்லையா? ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே என்று ஒரு வழி இருக்கிறதே, அதைக்கூட யோசிக்காமல் முடியாதாம். நண்டு நன்றாக இருந்ததாம். அதைச் சொல்ல இத்தனை மாதம்.

இன்னும் இருக்கிறது. எழுதி மாளாது. கை வலிக்கிறது.

அப்பாவிடம் வேறு வழியில்லாமல் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நாற்காலி, சட்டை, ஃபேன், மீன் எல்லாவற்றையும் படித்தேன். அவர் மூஞ்சி சுருங்கிப் போய்விட்டது. பயந்துபோய் மாத்திரை எடுக்க எழுந்தேன். அப்புறம் திடீரென்று பொரிய ஆரம்பித்தார். “எனக்கு மட்டும் எழுந்துக்கணும்னு ஆசையாம்மா? மாப்ளயாச்சே, மரியாத கொறையக் கூடாதேன்னு எழுந்துக்கறேன். முட்டி வலி உயிர் போவுது. அவுரு எப்ப கெளம்புவாரு, எப்ப சட்டையக் கழட்டலாம்னு நான் ஒக்காந்துகிட்டு இருக்கேன், அவுருக்கு மூச்சு முட்டுதாமா?” என்று கத்தினார். கத்திவிட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு, “பரவால்ல, இப்பத்தான் மனுஷன் வாயத் தொறந்து பேசியிருக்காரு” என்று பெயின்ட் டப்பாவை மூடி வைத்தார்.

அவர் சொன்ன பிறகுதான் எனக்கும் உறைத்தது. பஸ் ஸ்டாண்டில் அவ்வளவு ஆத்திரப்பட்டேனே, நடுவில் ஒரு தடவைகூட இதை யார் எழுதினது என்று எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஐந்து மாதம் நான் எதைச் சொன்னாலும் சரி, சரி என்று பதில் வந்தது. முடியாது என்று சொல்ல அதற்குத் தெரியவில்லை. அதைச் சொல்ல எனக்கு ஒரு ஆள் இருக்கிறது என்று நினைத்தபோது, இதற்கா சந்தோஷப்படுவது என்று என் மேலேயே எரிச்சல் வந்தாலும், மனசு லேசாகிவிட்டது.

நீங்கள் எழுதினதில் ஒரு வரியைக்கூட நான் ஒத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். திரும்பி வந்துவிட்டேன் என்று அர்த்தம் செய்துகொண்டு அமீருன்னிசா அக்காவுக்குச் சொல்லி வைக்காதீர்கள். பெட்டி எடுத்துக்கொண்டு வருவேனா, வெறுங்கையை வீசிக்கொண்டு வருவேனா என்று எனக்கே இன்னும் தெரியாது. முடியாது என்று இவ்வளவு தூரம் எழுதினீர்கள் இல்லையா, அதை என் முகத்தைப் பார்த்து ஒரு தடவை சொல்லுங்கள். அதற்கப்புறம் நான் பேசுகிறேன்.

இசை